லொட்டு

மெஸ்தியாவில் அக்டோபர் விடிகாலை.
டெலிக்காவைக் கிளப்பினேன்.
இருபத்தெட்டு வயது வண்டி,
ஜப்பானில் யாரோ கழித்துவிட்டது,
ஸ்டீயரிங் இன்னும் வலது பக்கம்.

லொட்டு.
லொட்டு லொட்டு.

டிக்டிக் என்றால் வால்வு.
புஸ்புஸ் என்றால் எங்கோ புகை கசிகிறது.
இது கடன்காரன் விரல் மடக்கிக்
கதவைத் தட்டுவதுபோல,
அவசரமே இல்லாமல்,
நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று தெரிந்தவன்போல.

முந்தைய வாரம் வண்டியை எடுத்துப்போனவன்
முர்ஸாகான், கணவனின் தம்பி.
உஷ்குலி வரை ஆறு போலந்துக்காரர்கள்,
அவர்கள் மூட்டைகள், அச்சு புதையும் சேறு.
ஆயில் பாத்தியா, என்றேன் போனில்.
பாத்தேன், என்றான்.
பாத்தவன் குரல் இப்படி இருக்காது, என்றேன்.
இன்னும் சிலதும் சொன்னேன்.
அவன் அம்மாவை அதில் இழுத்திருக்க வேண்டாம்.
அவள் எனக்கு மாமியார் என்பது
போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டு ஓதியா
பீர் பாட்டிலோடு வந்து காது கொடுத்தான்.
கனெக்டிங் ராடு பேரிங், என்றான்,
கம்பளித் தொப்பியைக் கழற்றினான்
சாவு வீட்டில் கழற்றுவதுபோல.
எஞ்சின் விலை சொன்னான்.
கேட்காமலே என் பசுவின் விலையும் சொன்னான்.
இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

நீள ஸ்குரூடிரைவரின் பிடியைக்
காதோர எலும்பில் அழுத்தி
முனையை இரும்பில் ஊன்றினேன்.
மேலே, தையல் மெஷின்.
நடுவில், நாலு பேர் எலும்பு கடிக்கும் சத்தம்.
அடியில், ஆயில் சட்டியில், மந்தமாக எங்கோ.
முன்பக்கம் போகவில்லை.
ஃபேன் சுற்றுகிறது, எனக்கு மூக்கு வேண்டும்.

டீசல் குழாய் நட்டுகளை
ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன்.
முதல் சிலிண்டர் படுத்தது, எஞ்சின் நொண்டியது,
லொட்டு நொண்டவில்லை.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் மூச்சைப் பிடித்தேன்,
ஏனோ என் சந்தேகம் எப்போதும் மூன்றாவதன் மேல்.
லொட்டு.
நாலாவதில் சட்டை முழுக்க டீசல்.

ஆயிலை வடித்தேன்.
பழைய நைலான் காலுறையில் வடிகட்டி
விளக்கடியில் விரித்தேன்.
பேரிங் தின்னப்பட்டிருந்தால்
மீன் செதிலாய் மினுங்க வேண்டும்.
கறுப்பு. வெறும் கறுப்பு.
நல்ல செய்தி கேட்டு
இவ்வளவு எரிச்சல்பட்டதில்லை நான்:
கொலையே நடக்கவில்லை என்றால்
கொலைகாரா என்று நான் ஏசியது யாரை?

மூன்றாம் இரவு கெலா டார்ச் பிடித்தான்,
கொட்டாவி விட்டுக்கொண்டு.
அவனுக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது.
அந்தச் சக்கரம் ஏன் தலையாட்டுது, என்றான்.

கீழே, கிராங்கு முனையில், பெரிய புல்லி.
கல்யாண வீட்டில்
ஐந்தாவது குவளைக்குப் பின் ஆடுகிறவன்போல
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து.

எஞ்சினை அணைத்தேன்.
நடு போல்ட்டைத் தொட்டேன்.
சுற்றியது.
ஸ்பேனர் இல்லை, விரலால்.

கெலா சிரித்தான்.
மே மாதம் டைமிங் பெல்ட் மாற்றியபோது
அந்தப் போல்ட்டை முறுக்கியவள் நான்.
டார்க் ரெஞ்சு சுக்தீதியில் தெமுரிடம் இருந்தது,
நூற்று முப்பது கிலோமீட்டர், மழை வேறு.
போதும் என்று
என் முழங்கைக்குத் தோன்றியது.

புல்லியும் போல்ட்டும் ரெஞ்சும்
மர்ஷ்ருத்காவில் வந்தன,
டிரைவர் சீட்டுக்கடியில், தக்காளிப் பெட்டிக்குப் பின்னால்.
கிளிக் என்றது ரெஞ்சு.
தளர்த்திவிட்டு மறுபடி முறுக்கி
இன்னொரு முறை கேட்டேன்.

இப்போது முற்றத்தில் டீசல் மட்டும் பேசுகிறது.
போனை எடுத்தேன்.
வண்டி சரியாயிடுச்சு முர்ஸாகான்.
ஓ. என்ன கோளாறு?
ஒண்ணுமில்ல, ஒரு போல்ட்.

அவன் பக்கம் நாய் குரைத்தது.
யாரோ விறகு இறக்கினார்கள்.
அவனும் வண்டி பிரித்துப் பழகியவன்.

எந்த போல்ட்? என்றான்.