நாலாவது நிமிடம்

டோருன் நகரில் அப்போது
ரேடியோவில் விளையாட்டு வரும்.
ஐந்து நிமிடக் கீச்சொலி.
அதற்குள்தான் விண்கலம், எதிரி,
மூன்று உயிர், எல்லாம்.
ஒலிவாங்கியை நீட்டி
மூச்சடக்கிக் கேசட்டில் பிடித்தார்கள்
யாட்விகாவும் தம்பி வித்தோல்டும்.
நாலாவது நிமிடத்தில்
தும்மிவிட்டான்.

கணினி கடைசிவரை மன்னிக்கவில்லை.
இவள் ஒரு வாரம்.

இன்று அதே விளையாட்டு
போனிலேயே கிடைக்கிறது, பழுதில்லாமல்.
ஆடிப் பார்த்தாள்.
இவ்வளவு சின்னதா?
ரெண்டாவது உயிரோடு எழுந்துவிட்டாள்.

வீட்டுப் பங்கில் முறுக்கிக்கொண்டு போனவன்
எந்த நாட்டிலோ
லாரி ஓட்டுகிறானாம்.
ஒன்பது வருஷம்.

கேசட்டைச் சுழலவிடுகிறாள்.
கீச்... கீச்...
ஹச்.

தும்மினால் அந்த ஊரிலும் நூறுதான்.
"நூறு வருஷம்" என்கிறாள்
ஸ்பீக்கரிடம்.

அன்றைக்குச் சொல்லவில்லை.
டேப் ஓடிக்கொண்டிருந்தது.