தோளுக்கு மேல் ஒரு பார்வை

பதினோரு சீசன். நூற்று அறுபத்திரண்டு ஆட்டம்.
கோல் நான்கு.
அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே.

ஜங்ஷன் புக்கிங் கவுண்டரில்
பக்கத்து சீட் ஜெயசுதா கேட்டாள்:
அப்போ மிச்ச நேரமெல்லாம் என்னதான்டி பண்ணின?

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போய்
தட்டுவடை செட் வாங்கிக் காட்டினேன்.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் பீட்ரூட், கேரட், ரெண்டு நிறத்துச் சட்னி.
நடுவை எடுத்துட்டுத் தின்னு பார், அப்போ புரியும்.
தின்றாள்.
வெறும் தட்டுவடையும் நல்லாத்தான் இருக்கு என்றாள்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளிலிருந்து
ஊர்பேர் தெரியாத கால்களுக்கெல்லாம் கொலுசு போகிறது.
அப்பா பற்றவைத்ததே பல்லாயிரம் ஜோடி இருக்கும்.
என் கணுக்காலில் வெள்ளை டேப்.
ஆட்டம் முடிந்து உரித்தால்
முடியும் கொஞ்சம் தோலும் கூட வரும்.
பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள்,
காலைப் பார்த்தார்கள்,
அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பேப்பரில் பெயர் ஒரே தரம் வந்தது.
குமுதவேணியை குமுதவாணி என்று போட்டிருந்தார்கள்.
அன்றைக்கு வாணி நன்றாகத்தான் ஆடினாள்.

டெலேனி ஒஹாயோக்காரி.
கோவா கிளப்பில் ஒரே ஒரு சீசன் என் பக்கத்தில் ஆடினாள்.
அவளுக்கு ஆறு, எனக்கு எட்டு.
அவளுக்கு நான் கொடுத்த தமிழ் மூன்று சொல்:
பின்னாடி. விடு. ஐயோ.
அமெரிக்காவில் ஆடும்போதும்
ஆட்டமில்லாத மாதங்களில் மளிகைக்கடையில்
அட்டைப்பெட்டி பிரித்தாளாம்.
நான் நம்பவில்லை.
பெட்டி பிரிக்கும் கத்தி கீறிய கட்டைவிரலைக் காட்டினாள்.

அவளும் இப்போது விட்டுவிட்டாள்.
வலது முட்டி. எனக்கு இடது.
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்
ரெண்டு தழும்பும் ஒரு அடைப்புக்குறி.
உள்ளே என்ன எழுதுவது என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

போன டிசம்பரில்
விடியாத நேரத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள்.
மலை ஏறலாம் என்றாள், நடந்தே.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஏழாவதில் அவள் முட்டி பேச ஆரம்பித்தது,
ஒன்பதாவதில் என்னுடையது பதில் சொன்னது.
பதினொன்றில் வெட்கத்தை விட்டு பஸ்ஸுக்குக் கை காட்டினோம்.

நாகலூர்ப் பக்கம், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே
பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
கோல் போஸ்ட்டுக்கு நாலு செருப்பு.
ஒருத்தன் உதைத்த பந்து ரோட்டுக்கு உருண்டு வந்தது.

நான் பந்தைப் பார்க்கவில்லை.
வலது தோளுக்கு மேல் பார்த்தேன், பிறகு இடது.
அதே நொடியில் டெலேனியும்.
பின்னால் ஒரு நாய்.
காப்பிக் கொட்டை காயும் தார்ப்பாய்.
மேலே பாய வருகிற யாரும் இல்லை,
மூன்று வருஷமாகவே இல்லை.

இதைத்தான் ஜெயசுதா, பதினோரு சீசன் பண்ணினேன்:
பந்து வருவதற்குள்
யார் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது.

நிறுத்தி அவளுக்குத் தட்டினேன்.
அவள் எனக்கு. நான் அவளுக்கு.
ஒரு தொடல், ஒரு தொடல்,
தாருக்கும் ரப்பருக்கும் நடுவே அந்தச் சின்னச் சத்தம்.
பையன்கள் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் கத்தினார்கள்:
அக்கா, பந்தக் குடுங்கக்கா! கோல் அடிக்கணும்!

திரும்பவும் தோளுக்கு மேல் பார்த்தேன்.
இந்தத் தரம் ஒருத்தன் இருந்தான்.
இடது காலில் மட்டும் ஷூ போட்ட பொடியன்,
யாரும் கவனிக்காத காலி இடத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தான்.
டெலேனி என்னை நோக்கித் தட்டினாள்.
விடு, என்றாள்.

விட்டேன்.
காலுக்கு நடுவே போய் அவனிடம் சேர்ந்தது.

அவன் அடித்தது
செருப்புக்கு ஒரு முழம் வெளியே போயிற்று.