ஈப்போக்காரி

லாஸ்பேட்டையில் முதல் மாதம்
மூன்றே பிள்ளைகள்.
அதில் ஒருத்தி வீட்டுக்காரர் மகள்,
வாடகையில் ஐந்நூறு கழிவு.

பேராக் மாநிலத்துக்கு ஆடியவள் என்றேன்,
ஊர் ஈப்போ.
"அது எங்க, காரைக்கால் பக்கமா?"
என்றார் அரங்கத்துச் சாவி வைத்திருப்பவர்.

"பசியாறிட்டீங்களா" என்று கேட்டால்
பிள்ளைகள் சிரிக்கும்.
பேச்சில் நான் 'லா' போடுவதை
மட்டைக்கு கிரிப் சுற்றியபடி
நடித்துக் காட்டும்.

ஜன்னல் வழியே வரும் கடல்காற்று
இறகுப்பந்தை இழுத்துப்போகும்.
சாத்தினால் புழுக்கம்.
திறந்தே இருக்கட்டும்,
காற்றைக் கணக்குப் போட்டு அடி என்றேன்.

மேட்டுப்பாளையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் புகழேந்தி
வாசலில் ஸ்கூட்டர்மேலேயே தூங்குவான்
என் இரண்டாவது பேட்ச் முடியும்வரை.
இவனுக்காகத்தான் கடல் தாண்டினேன்.
நாலரைக்கு எழுவது
இவனுக்காக இல்லை.

நேற்று கடலூரில் தோற்றோம்,
முதல் சுற்றிலேயே, பதினொரு பேரும்.
திரும்புகிற பஸ்ஸில்
ரெட்டிச்சாவடி தாண்டியதும்
ரோஸ்லின் என் தோளைத் தட்டி
"அடுத்த வாட்டி பாத்துக்கலாம் லா" என்றாள்.
கேலி இல்லை அதில்.

"இன்னாண்ணே, ஐந்நூறுக்குச் சில்லறை இல்லியா?"
யார் இப்படிக் கத்துவது என்று
திரும்பிப் பார்த்தேன்.
கண்டக்டர் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.