விட்ட குறை

எனக்குக் கிடைத்தது வாய் வரையும் வேலை.
ஒன்பது வாய் போதும் என்கிறது அட்டவணை:
'ம்' வந்தால் உதடு ஒட்ட வேண்டும்,
'ஓ' வந்தால் வளையம்,
'ஃப்' வந்தால் கீழுதட்டில் பல் பட வேண்டும்.

லீட்ஸில் மழை. ஹீட்டர் தட்டினால்தான் எரிகிறது.
திரையில் காப்டன் வெரிட்டி
விண்கலத்தின் கதவருகே நாற்பத்தேழு வருடமாய் நிற்கிறாள்.
கதவென்றால் ஒட்டுப்பலகைதான்.
அதற்கந்தப் பக்கம் அண்டம் இல்லை,
ஓர் ஏணி, இரண்டு பெயின்ட் வாளி,
யாரோ கழற்றிப் போட்ட கோட்டு.

ஆறு பாகத்தில் மூன்றரை எடுத்திருந்தார்கள்.
நவம்பரில் ஒரு வியாழன், சாப்பாட்டு நேரம்,
விளக்குக்காரர்கள் வாசலில் போய் நின்றார்கள்.
உள்ளே இருட்டு.
அடுத்த வாரம் அரங்கத்தைப் பிரித்து
வேறொரு சமையல் நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மிஞ்சியது ஒத்திகையின் ஒலிநாடா.
செத்துப்போன ஹெர்மியா க்ளோஸ்
அதில் பாதி வசனத்தில் இருமுகிறார்,
"மன்னிக்கணும், முதல்லேர்ந்து."
வெட்டிவிடு என்றார் எடிட்டர்.
நான் இருமலுக்கும் ஒரு வாய் வரைந்தேன். பத்தாவது.
கேட்டால் விண்வெளித் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

டென்ஹோமுக்கு எண்பத்தொன்று.
பேசிக் கொடுக்க இரண்டு பஸ் மாறி வந்தார்.
முப்பத்து நான்கு வயது முகத்துக்குள்
அவர் குரல் சரளைக் கல்லாய் உருண்டது.
"மூக்கைத் தாராளமாகவே வரைந்திருக்கிறாய்," என்றார்.

கடைசிக் காட்சிக்கு எழுத்தில் இருப்பது இவ்வளவே:
கதவு திறக்கிறது. அவள் முகத்தில் வெளிச்சம்.
என்ன பார்த்தாள் என்பது எழுதியவருக்கும் தெரியாது போல.
அந்த வெளிச்சத்தை அன்று போட வேண்டியிருந்தவர்
என் அப்பா.
கை விசையில் இருந்தது, எடுத்துக்கொண்டு
கீழே இறங்கிப் போனாராம்.
ஒன்பது வாரம் சம்பளமில்லை, வீட்டில் உருளைக்கிழங்கு மட்டும்.
அதே வெளிச்சத்தை நான் இருநூற்றுப் பன்னிரண்டு படமாக
இரண்டு வாரம் வரைந்தேன்.

ஞாயிறன்று மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
கதவு திறந்தது. அவள் முகம் மெல்ல மஞ்சளானது.
நாற்பத்தேழு வருடம், பதினோரு நொடி.
அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அழுகிறாரோ என்று நினைத்தேன்.
"விளக்கு வலப்பக்கம் இருந்தது," என்றார்,
"நீ இடப்பக்கத்திலிருந்து அடித்திருக்கிறாய்."

பிறகு, தேநீர் ஆறிய பிறகு,
"மணிக்கு என்ன தருகிறார்கள்?"
சொன்னேன்.
"உங்களுக்குச் சங்கம் இருக்கா?"