பூட்டுத் துளை

லாங் பஜாரில் கேவல்சந்த் கடை.
கண்ணாடிப் பலகை மேல் மூன்றை எடுத்து வைத்தார்.
"மூணும் ஒரே வேலைதான் அக்கா, கரண்டை வெட்டும்."

ஒரே வேலை என்றால் எதற்கு மூன்று விலை?

முதலாவது நானூற்றிருபது. வெள்ளைப் பிளாஸ்டிக்.
மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்வாங்கியது.
வேலூர் மொட்டைமாடியில், மே மாதத்தில்,
துணிக்கிளிப்பே இரண்டு வாரத்தில் பொடிந்துபோகும்.
இது துணிக்கிளிப்பின் சித்தப்பா.

இரண்டாவதில் பியூஸ் உண்டு, மூன்று பீங்கான் கட்டைகள்.
குணாளனுக்கு அதுதான் பிடித்தது.
ஜீவரத்தினம் நாக்கைச் சப்புக்கொட்டினார்:
"மூணு பேஸ்ல ஒண்ணு போச்சுன்னா
மீதி ரெண்டுல மோட்டார் முனகிக்கிட்டே ஓடும் சார்,
எரிஞ்ச பிறகுதான் நிக்கும்.
காவலுக்குக் கீழே எம்.சி.பி. இருக்கு.
இது காவல் இல்ல. கதவு."

மூன்றாவது கையில் கனத்தது.
சாம்பல் நிறப் பெட்டி, மழை புகாத ரப்பர் விளிம்பு,
நாலு போல், நாற்பது ஆம்பியர்,
மஞ்சள் வட்டத்தில் சிவப்புக் கைப்பிடி.
அதில் ஒரு துளை, ஆஃப் செய்து பூட்டு மாட்டிக்கொள்ள.
இரண்டாயிரத்து அறுநூறு.

"துளைக்கா ரெண்டாயிரம்?"
பதினோரு வருஷத்தில் குணாளன் கேட்ட கேள்விகளில்
இது ஒன்றுதான் நேரான கேள்வி.
நான் பதில் சொல்லவில்லை.
ஜீவரத்தினத்தின் இடது கை பெட்டி மேல் இருந்தது;
மோதிர விரல் பாதியிலேயே முடிந்திருந்தது.

வெளியே, கரும்புச் சாறு வண்டியருகே, கேட்ட பிறகுதான் சொன்னார்.
ராணிப்பேட்டை, தோல் கம்பெனி.
மேலே காற்றாடிக் கூண்டுக்குள் இவர் கை.
கீழே யாரோ, இருட்டாக இருக்கிறதே என்று
சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்.
"அவரையும் தப்பு சொல்ல முடியாதும்மா.
மேல ஆள் இருக்கறது அவருக்குத் தெரியாது."
ஐஸ் வேண்டாம் என்று வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

மூன்றாவதை வாங்கினோம்.
படிக்கட்டு அறைக்குள் வைத்தால் வெயில் படாது, வயரும் மிச்சம்.
வேண்டாம் என்றேன்.
மெஷின் முன் குந்தியிருப்பவன் தலையைத் திருப்பினால்
கைப்பிடி தெரிய வேண்டும்.
ஏழு மீட்டர் வயர் கூடுதல்.

சத்துவாச்சாரி, கத்திரியின் நான்காம் நாள்.
நாற்பத்திரண்டு டிகிரி என்றார்கள்; சுவர் இன்னும் கூடச் சொன்னது.
மாடியில் அவர் கைப்பிடியைத் திருப்பித் தன் பூட்டைத் தொங்கவிட்டு
சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
திருகாணிகளை முறுக்கியபடி இருந்தார்.
ஆறரைக்குக் காட்பாடியில் வண்டி.
ஓடித்தான் பிடித்திருப்பார்.

எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினோம்.
கூரைத் துவாரங்களில் ஒரு மூச்சும் இல்லை.
டார்ச்சோடு மேலே போனால்
ஆஃப். அதன் மேல்
சுண்டுவிரல் அளவுப் பித்தளைப் பூட்டு.

அரக்கோணத்திலிருந்து போனில், "ஐயோ, சாவி எங்கிட்ட."

குணாளன் பக்கத்து வீட்டில் கட்டர் வாங்கி வந்தார்.
"ஒரு நிமிஷ வேலை. உள்ளே யார் இருக்கா இப்போ?"
நான் பூட்டைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.
பகல் முழுக்கக் குடித்த வெயில் அதில் இன்னும் இருந்தது.
யாருமில்லை என்று எனக்கும் தெரியும்.
மெஷினுக்குள் நாளைக்குக் கூடு கட்டப்போகும் குளவிகூட இல்லை.
"ராணிப்பேட்டையில கீழ நின்னவருக்கும்
இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

கட்டரைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார்.
கோபம்தான்.

ஒன்றரை லட்சம் ரூபாய் குளிர்ச்சியின் பக்கத்தில்
பாய் விரித்து மூன்று பேர்.
இனியா அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டு
கேட்டாள், "பூட்டினது நாமளா, அவரா?"
கொசு கடித்தது. பதில் அங்கேயே நின்றது.

ஐந்தே முக்காலுக்குக் கேட் சத்தம்.
முதல் வண்டிக்கு வந்திருக்கிறார்,
நேற்றைய அதே சட்டையில்,
பையை இடது கையால் பொத்தியபடி.