முன்னூறு

ஐம்பத்தோராம் வயதில் ஞானஸ்நானம்.
தலை ஈரம் காயுமுன்னே
போதகர் என்னைத் தபீத்தாளிடம் ஒப்படைத்தார்:
"கொஞ்ச நாள் இவங்ககூட இருங்க."
அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
புதுப்பாளையம் ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி
மார்ஜின் அடித்து
'சீஷி - பாடம் ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனேன்.
சீஷி.
சொல்லிப் பார்த்தால்
குக்கர் அடங்கும் சத்தம்.

"பாடமா? எனக்கே வராது," என்றாள்.
"சாக்கு பிரிக்கத் தெரியுமா?"

ஆடி முழுக்கச் சாக்கு பிரித்தேன்.
பிரசவ வார்டில் ஆயா நான்;
நைட் ட்யூட்டி முடிந்து
கண்ணில் பினாயில் எரிய நேராக அங்கேதான்.
ரேகை பதியாத பெரியவரின் விரலை
நாலு தடவை முந்தானையில் துடைத்து
மெஷினில் வைப்பாள்.
அஞ்சாவது ஆளிடம் எரிந்து விழுவாள்.
இரண்டையும் பார்த்தேன்.
நோட்டில் ஒரு வரி ஏறவில்லை.

அந்த வியாழக்கிழமை
சாந்தலட்சுமி சர்க்கரைப் பையைத் தூக்கிக்கொண்டு
திரும்பி வந்தாள்:
"ரெண்டு கிலோன்னு போட்டே,
ஒண்ணு எழுநூறுதான் நிக்குது."
"தாலுகா ஆபீசுல போய் எழுதிக் குடு, போ!"
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கணக்கில்
அஞ்சு கிலோ எழுநூறு மிச்சம் நின்றது.
வாளியைத் தனியாகத் தராசில் வைத்தாள்.
முன்னூறு கிராம்.
காலையில் கழிக்க மறந்த வாளி.
பத்தொன்பது கார்டு.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ரொம்ப நேரம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.
மிச்சம் இருப்பது
எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது.
பிறகு சொன்னாள்:
"தனியாப் போகப் பயமா இருக்கு.
கூட வா."

கெடிலக் கரையோரத் தெருவில் நடந்துகொண்டே
அவள் செய்த ஜெபம் இவ்வளவுதான்:
"ஆண்டவரே, அந்தம்மா வீட்ல இருக்கக் கூடாது."
இருந்தாள்.
"உன் மன்னிப்பப் போட்டா காப்பி இனிக்கும்?
சர்க்கரையக் குடு," என்று வாங்கிக்கொண்டு
கதவைச் சாத்தினாள்.

மற்ற பதினெட்டு வீட்டுக்கும் நாலு சாயங்காலம் ஆயிற்று.
ஒரு வீட்டில் "எலெக்‌ஷன் வருதா?" என்றார்கள்.
ஒரு வீட்டில் நாய்.
ஒரு வீட்டில் அந்தச் சர்க்கரையிலேயே
டீ போட்டுக் கொடுத்தார்கள்.
எந்த வீட்டு வாசலிலும் அவள் என் பக்கம் திரும்பி
பார்த்தியா என்று கேட்கவில்லை.

எங்கள் வார்டில்
எழுதி ஒட்டாத விலை ஒன்று உண்டு.
பையன் என்றால் ஐந்நூறு,
பொண்ணு என்றால் முன்னூறு.
இருபத்தி இரண்டு வருடம்.
ஞானஸ்நானத்துக்கு மறுநாளும் கை நீட்டினேன்.
அது திருட்டு என்று தோன்றியதே இல்லை,
சந்தோஷம் என்றுதான் அதற்குப் பெயர்:
"சந்தோஷமா எதாச்சும் குடுங்கம்மா."

போன திங்கள்கிழமை
ஒரு பெண் குழந்தையின் அத்தை,
முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களால்
மூன்று நூறு ரூபாய்த் தாளை
ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தந்தாள்.
வாங்கி இடுப்பில் செருகிய பிறகுதான்
வாளி ஞாபகம் வந்தது.

எத்தனை வாளி.
முகவரியே இல்லாத எத்தனை வாசல்.
இந்த ஒன்றுக்குக் கேஸ் ஷீட்டில் ஊர் இருந்தது.

போன் போட்டேன்: "பயமா இருக்கு. கூட வர்றியா?"
"லோடு வந்து நிக்குதுக்கா," என்றாள்.
மூட்டை விழும் சத்தம்.
"நீ போ."

பாலம் தாண்டி, பஸ் ஸ்டாண்டு.
குள்ளஞ்சாவடி வண்டியில் ஜன்னலோரம்.
ஆண்டவரே, அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது.
கண்டக்டர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.
மடித்த மூன்று தாளில் கை படாமல்
டிக்கெட்டுக்கு
வேறு சில்லறை தேடுகிறேன்.