ஒரு தட்டு

பஞ்சிகாவத்தையில் ரெண்டு தரம்
றப்பர் வாங்கிப் போட்டாச்சு.
பின்கதவடியில் இன்னும் ஈரம்.
மெயின் ஸ்ட்ரீட் கடைக்காரர் திருப்பிவிட்ட
நாலு சாரிக் கட்டு என் கணக்கில்.

இன்றைக்கு ஜெசிந்தா வேனுக்குள்ளே,
வாயில் டோர்ச்.
பேச முடியாது; தகரத்தில்
ஒரு தட்டு என்றால் இல்லை,
ரெண்டு என்றால் ஓம்.
நான் ஹோஸ் பைப்போடு கீழிருந்து மேலே.
கதவடி: ஒன்று.
பிணைச்சல்: ஒன்று.
கூரை விளிம்பு:
படபடவென்று ஏழெட்டு.

முந்தின சொந்தக்காரன்
ஸ்கூல் வேன் பலகை பூட்டிய ஆணித்துளை.
அங்கே நுழைந்து உள்தகட்டில் ஊர்ந்து
கதவடியில் தலைகாட்டியிருக்கிறது,
நான் றப்பரைத் திட்டித் தீர்க்க.

கடுகளவு சிலிக்கன்.

பின்னேரம் மட்டக்குளியில் மழை.
ரெண்டு பேரும் ஏறிக் கதவைச் சாத்தினோம்.
இருட்டில் அவள் தரையைத் தடவுவது கேட்டது.
பிறகு, வாயில் டோர்ச் இல்லாமலே,
ஒரு தட்டு.